பதினேழாவது பக்கம்

கேமரன் மலை,
12.2.1984

அன்புள்ள பாஞ்சாலை அக்காவுக்கு,

இராசம்மா எழுதுவது. உன் தீபாவளிக் கடிதத்துக்குத் தை மாதம் முடிகிற நேரத்தில் பதில் எழுதுகிறேன், திட்டாதே. நானும் அவரும் சுகம். பாப்பாவுக்குத்தான் நெஞ்சில் சளி. மூச்சு விடும்போது கர்கர் என்று சத்தம் வருகிறது. ரிங்லெட் ஆஸ்பத்திரி டிரெசர் ஒன்றுமில்லை என்கிறார். ஒன்றுமில்லாததற்கா இப்படிச் சத்தம் வரும்? நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வரும். திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி ஈப்போவுக்கு லோரி ஓட்டும் நல்லுசாமி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். உள்ளே நான் வரைந்த படக்கதை, பதினாறு பக்கம். தாப்பா கல்யாணத்தில் அத்தானைப் பார்த்தேன். படக்கதைப் பைத்தியங்கள் எல்லாம் வருஷத்துக்கு இரண்டு முறை ஈப்போவில் ஒரு மண்டபத்தில் கூடுவார்களாம். சொந்தமாக வரைந்து அச்சடித்தவர்கள் மேசை போட்டு விற்கலாமாம். அவருக்கு ஒரு மேசை இருக்கிறது, வேலை பார்க்கும் அச்சகத்திலேயே அடித்துத் தருகிறேன் என்றார்.

என் பெயர் போட வேண்டாம். 'மலைச்சாரல்' என்று போட்டால் போதும். எந்தத் தோட்டம் என்றும் யாரிடமும் சொல்ல வேண்டாம். கணக்கெழுதும் கிராணியின் பெண்சாதி பொம்மை போட்டு விற்கிறாள் என்று ஆபீஸில் பேச்சு வரக்கூடாது. அக்கா, நீ மடித்துத் தைத்துக் கொடுத்தால் போதும். படிக்க வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகள் விஷயம்.

பாப்பாவுக்கு ஒரு வயது ஆனதும் தோட்டத்துப் பள்ளியில் டீச்சராகச் சேர வேண்டும். அவளை யாரிடம் விடுவது என்ற நினைப்பில் இரவில் தூக்கம் வருவதில்லை. அப்படி விழித்திருந்து வரைந்ததுதான் இது.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தங்கை,
இராசம்மா


ஈப்போ,
20.2.1984

இராசம்மாவுக்கு,

உன் அக்கா எழுதுவது. சுகம்தான். ஒரு மாதமாக இருமல், அதை நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். உன் மகளுக்கு வெற்றிலையை அனலில் வாட்டி நெஞ்சில் போடு.

பொட்டலம் வந்தது. கோஸ் வாடை அடிக்கிறது. இரண்டு பக்கத்தில் தண்ணீர் பட்டு மை ஊறியிருந்ததை உன் அத்தான் சரி செய்தார். அவருக்கு ஒரே சந்தோஷம். தேயிலைக் கொழுந்துக் கூடையைப் பார்த்தால் தூக்கலாம் போல இருக்கிறதாம். அதில் வரும் ஒரு பெண்ணுக்கு என் மூக்கையே வைத்திருக்கிறாய் என்று சிரிக்கிறார். வைத்துக்கொள். உனக்குக் கொடுத்ததில் மூக்கு ஒன்றுதான் பாக்கி.

தாப்பா கல்யாணத்துக்கு நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்கவும் இல்லை. மணியம்மா வீட்டார் உட்கார்ந்திருக்கும் பந்தலில் நான் எங்கே உட்கார்வது? தோட்டத்தைவிட்டு விரட்டப்பட்டு ஏழு வருஷம் ஆகிறது. அப்பா செத்தபோது மாலையோடு ரிங்லெட் பஸ் நிற்கும் இடத்திலேயே நின்றேன். "மேல வா" என்று சொல்ல ஒருவரும் இறங்கி வரவில்லை. கோலாலம்பூரிலிருந்து வந்த நீ என்னைத் தாண்டித்தான் காரில் போனாய்.

படிக்கக்கூடாது என்றாய், படிக்கவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு எதற்குப் படிப்பு? மடிக்கிறேன், தைக்கிறேன். சித்திரை பிறந்த மறுநாள் கூட்டம். உன் புத்தகம், நீ வந்து மேசையில் நில்.

பாஞ்சாலை


கேமரன் மலை,
25.3.1984

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றதா? இங்கே மழை. பாப்பாவுக்கு இரண்டு தரம் காய்ச்சல் வந்து போனது. அதனால்தான் தாமதம். நான் வேண்டுமென்று எழுதாமல் இருப்பதாக நினைக்காதே.

கூட்டத்துக்கு வரமுடியாது. வரைவதென்றால் வரை, மேசை போட்டு விற்கிற வேலை வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். யாராவது கேட்டால் எல்லாம் கற்பனை என்று அத்தானைச் சொல்லச் சொல். உன்னை அங்கே நிற்கவிடாமல் அவரே விற்றால் நல்லது. உனக்கு இருமலோடு எதற்குச் சிரமம்?

அப்பா சாவை ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். அன்று நான் பரீட்சை அறையிலிருந்து எழுந்து வந்தவள். காருக்கு வெளியே யார் நின்றார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னைக் குத்துவதற்கென்றே வைத்திருக்கிறாய் அந்தப் பஸ் நிறுத்தத்தை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இராசம்மா


ஈப்போ,
16.4.1984

இராசம்மா,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

நேற்று மண்டபம் நிரம்பிக் கிடந்தது. அட்டையில் முகமூடி செய்து போட்ட பிள்ளைகள், துப்பறிவாளன் தொப்பியோடு ஒரு தபால்காரர், பழைய படக்கதைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து மாற்றிக்கொள்கிறவர்கள். மூலையில் எங்கள் மேசை. உன் அத்தான் தேத்தண்ணீர் குடிக்கப் போனார். நான் விற்றுக்கொண்டிருந்தேன். நன்றாகவே போனது. நாற்பது போயிருக்கும். நர்ஸ் வேலை படிக்கிற ஒரு பெண் அங்கேயே நின்று கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இந்த ஆயா தூங்கிட்டாளே, அப்புறம் அவள என்னா செஞ்சாங்க? உள்ள போட்டாங்களா?"

நான் படிக்கவில்லை என்றேன்.

"விக்கிறீங்க, படிக்கலியா? படிச்சுப் பாருங்க லா. அவள நெனச்சா பத்திக்கிட்டு வருது."

தைக்கும்போது வீம்புக்குப் பார்க்காமல் விட்டதை நின்றபடியே படித்தேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை. எட்டாம் பக்கத்தில் ஆயா வாயைத் திறந்து தூங்குகிறாள். மூக்கு என்னுடையது, கட்டம் போட்ட கைலி என்னுடையது. பத்தாம் பக்கத்தில் கொதிக்கிற பால் சட்டி. பதினொன்றில் பிள்ளை அதைப் பிடித்து இழுக்கிறது. கடைசியில் பிள்ளையின் தாய் ஆயாவின் முகத்தில் மண்ணை வாரி அடிக்கிறாள்.

தொட்டில் கட்டியிருந்த கம்பி, அதில் இருந்த முடிச்சு, அடுப்புக்கு முட்டுக் கொடுத்த கல் எல்லாம் சரியாக இருக்கிறது. அன்றைக்கு உள்ளே இருந்தவளால்தான் அப்படிப் போடமுடியும். உள்ளே இருந்தவளை மட்டும் ஒரு பக்கத்திலும் காணோம்.

மீதியைக் கட்டி மேசைக்கு அடியில் தள்ளினேன். உன் அத்தான் வந்து எல்லாம் போய்விட்டதா என்றார். மழை வரும்போல இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

படிக்காதே என்று ஏன் எழுதினாய் என்று இப்போது தெரிகிறது.

பாஞ்சாலை


கேமரன் மலை,
27.5.1984

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை மடித்து அரிசித் தகரத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆறு வாரமாகத் தினம் எடுத்துப் படித்துவிட்டு வைக்கிறேன்.

அது கதை. ஆயா எந்தத் தோட்டத்தில்தான் இல்லை? மூக்கு யாருக்குத்தான் இல்லை? தூங்கிவிட்டேன் என்று தோட்டத்துத் துரையிடம் சொன்னது நீ. நீ வாயால் சொன்னதைத்தான் நான் கையால் போட்டேன். நான் ஒன்றும் புதிதாகச் சேர்க்கவில்லை.

அத்தான் முன்னமே நல்லுசாமி அண்ணனிடம் பத்துப் புத்தகம் கொடுத்தாராமே, அவற்றை எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே விற்றுவிட்டுப் போயிருக்கிறார். பார்த்தவர்கள் எல்லாம் "நம்ம பாஞ்சாலதான்" என்கிறார்கள். மணியம்மாவும் ஒன்று வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, படத்தைப் பார்த்துக்கொள்கிறாள். போட்டது நான் என்று தெரியாமல் என் வாசலுக்கே கொண்டுவந்து காட்டினாள். "யாரோ மகராசி, கிராணியம்மா. என் வயிறு எரிஞ்சத அப்படியே போட்டுருக்கா" என்றாள். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். வேறு என்ன செய்ய முடியும்?

நீ அங்கே இருக்கிறாய். பேச்சு உன் காதில் விழாது. நான் இங்கே இருக்க வேண்டியவள். அதையும் நினைத்துப் பார்.

அடுத்த வாரம் பள்ளியில் சேருகிறேன். பாப்பாவை ஆயாக் கொட்டகையில் விடவில்லை, வீட்டுக்கே ஆள் வைத்திருக்கிறேன்.

இராசம்மா


ஈப்போ,
2.6.1984

இராசம்மாவுக்கு,

இருமல் நின்றுவிட்டது.

நான் சொன்னதைப் போட்டாயா? சரி. ஏன் சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்கும், எழுதுகிறேன். 1976 டிசம்பர். காலேஜ் லீவுக்கு வந்திருந்தாய். பால் டின் தீர்ந்துவிட்டது. ஆபீஸ் ஸ்டோருக்குப் போய்வருகிறேன், ஒரு கால் மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் படம் போட்டுக்கொண்டிருந்தாய். சரி என்று தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாய். நான் திரும்பி வரும்போது மணியம்மாவின் மகள் தங்கம்மா தரையில் கிடந்து துடித்தாள். கழுத்திலிருந்து கைவரைக்கும் தோல் வழண்டு கிடந்தது. நீ பென்சிலோடு சுவரை ஒட்டி நின்றாய்.

"நான் பாக்கலக்கா" என்றாய். அது ஒன்றுதான் சொன்னாய். ஏழு வருஷத்தில் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உன் படிப்புக்குத் தோட்டம் உதவுகிற கடிதம் துரையின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அப்பா என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். "ஒனக்கு எங்கயாச்சும் கல்யாணம் ஆயிரும். அவ படிப்பு போனா போனதுதான்" என்றார். நான் துரையிடம் போய்த் தூங்கிவிட்டேன் என்றேன். மணியம்மா மண்ணை வாரி அடித்தபோது கையைக்கூட உயர்த்தவில்லை. அப்போதும் நீ பார்த்துக்கொண்டுதான் நின்றாய்.

அதற்கு நான் கூலி கேட்டதில்லை. நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் சாகும்வரை கேட்டிருக்கவும் மாட்டேன். நீ அதை அச்சில் ஏற்றி, என் கையாலேயே தைக்க வைத்து, என் கையாலேயே விற்க வைத்தாய்.

செப்டம்பர் இரண்டாம் தேதி அடுத்த கூட்டம். அதற்குள் மணியம்மாவிடம் போய் உள்ளதைச் சொல். என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதாதே, எனக்கு வேண்டாம்.

ஊரார் பிள்ளைகளுக்குப் போதும் என்கிற ஆயாக் கொட்டகை உன் பிள்ளைக்கு மட்டும் ஆகாது என்று எழுதியிருக்கிறாய். அதையும் படித்தேன்.

பாஞ்சாலை


கேமரன் மலை,
15.7.1984

அக்காவுக்கு,

பாப்பா நடக்கிறாள். நடக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது.

அவருக்குப் பெரிய கிராணி வேலை கிடைக்கப்போகிறது. தோட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தால் போதும், துரை வேறு ஆளைப் போட்டுவிடுவார். அன்றைக்கு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. தங்கம்மா என் வகுப்பில்தான் இருக்கிறாள், முன்வரிசை. கழுத்துத் தோல் இழுத்துப் பிடிப்பதால் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து எழுதுகிறாள். "டீச்சர், சரியா?" என்று சிலேட்டைத் தூக்கிக் காட்டுகிறாள். நான் சரி என்று சொல்லி அனுப்புகிறேன். நீ ஒரு பஸ் நிறுத்தத்தைப் பற்றி எழுதுகிறாய். நான் தினமும் இதைப் பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. நீயும் அப்பாவும் பேசி முடிவு செய்தீர்கள். எனக்குப் பத்தொன்பது வயது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகக் கேட்காததைக் கொடுத்துவிட்டு, இப்போது அதற்கு என் குடும்பத்தையே கேட்கிறாய்.

வேண்டுமானால் வேறு கதை போட்டுத் தருகிறேன். அதில் ஆயாவை நல்லவளாக வைக்கிறேன். தீயில் விழப்போகிற பிள்ளையை அவள் காப்பாற்றுவதுபோல் போடலாம். அத்தானுக்கும் நன்றாக விற்கும். இதற்கு மேல் என்னால் ஆகாது.

இராசம்மா


ஈப்போ,
22.7.1984

இராசம்மாவுக்கு,

நல்ல ஆயா வேண்டாம். தூங்காத ஆயா போதும்.

நேற்று உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆயா வேலை பார்த்தேன் என்பதைக்கூட இதுவரை அவரிடம் மறைத்திருந்தேன். கேட்டு முடித்ததும் என்னை அச்சகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்ன எழுத வேண்டும், சொல் என்று எழுத்துக் கோக்க உட்கார்ந்தார். மிச்சமுள்ள புத்தகங்களில் பதினாறாம் பக்கத்துக்குப் பிறகு ஒரு தாள் வைத்துத் தைக்கப்போகிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

"இந்தக் கதையில் வரும் ஆயா நான். என் பெயர் பாஞ்சாலை. அன்று நான் தூங்கவில்லை, பால் டின் வாங்கப் போயிருந்தேன். கொட்டகையில் இருந்தவள் என் தங்கை இராசம்மா. அவள் படம் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் புத்தகத்தில் உள்ள படங்களைப் போட்டவளும் அவள்தான். தூங்கினேன் என்று நான் சொன்னது பொய். அந்தப் பொய் மட்டும் என்னுடையது."

ஆகஸ்டு முடிவதற்குள் மணியம்மாவிடம் நீயே சொல்லிவிட்டால் தாளைப் போட மாட்டேன். சொல்லிவிட்டாயா என்று நல்லுசாமியை விட்டு அவளையே கேட்கச் சொல்லுவேன். உன் வார்த்தையை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மகளுக்குச் சளி எப்படி?

பாஞ்சாலை


ஈப்போ,
4.9.1984

இராசம்மாவுக்கு,

ஆகஸ்டு முழுவதும் உன் கடிதம் வரவில்லை. நல்லுசாமி போய், டீச்சர் தங்கச்சி ஏதாவது சொல்லுச்சா என்று மணியம்மாவைக் கேட்டிருக்கிறார். எதைச் சொல்லவேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாளாம்.

தாளைத் தைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மேசையில் நான் மட்டும்தான் நின்றேன். அந்த நர்ஸ் பெண் வந்தாள். கடைசித் தாளைப் பார் என்று நீட்டினேன். படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

"நீங்களா அது?"

"நான்தான்."

போன முறையே வாங்கிவிட்டாயே என்று சொல்லியும் இன்னொன்று வாங்கிக்கொண்டாள். "அது வேற புஸ்தகம், அக்கா" என்றாள். அவள் போய்ச் சொன்னாளோ என்னவோ, முகமூடி போட்ட பிள்ளைகள்கூட வந்து என்னைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். மாலைக்குள் மேசை காலி. ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். அதை நல்லுசாமியிடம் கொடுத்து மணியம்மா கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்.

பாஞ்சாலை


கேமரன் மலை,
4.10.1984

பாஞ்சாலை அக்காவுக்கு,

இராசம்மா எழுதுவது. பாப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

புத்தகம் வந்து மூன்று வாரம் ஆகியும் மணியம்மா அதைத் திறக்கவில்லை. முன்பு வாங்கியதுதானே என்று பெட்டிமேல் போட்டிருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை கொழுந்து நிறுத்து முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அடுப்பில் பாப்பாவுக்குப் பால் காய்ந்துகொண்டிருந்தது. பாப்பா என் இடுப்பில்.

"கிராணியம்மா, இதுல கடைசியா ஒரு தாளு, படமே இல்ல. எல்லாம் எழுத்து. எம் புள்ள கதையாச்சேன்னு தங்கம்மாகிட்ட படிக்கக் குடுக்கல. நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

நான் உண்மையை எழுதுகிறேன். பொய் என் வாயில் தயாராக இருந்தது. புத்தகம் வாங்கியதற்கு நன்றி, அடுத்த புத்தகம் தீபாவளிக்கு வரும் என்று படித்துவிட்டால் போதும், அவளுக்குத் தெரியப்போவதில்லை. "இந்தப் புத்தகத்தை வாங்கிய உங்களுக்கு" என்றுகூடத் தொடங்கிவிட்டேன். தாளைப் பிடிக்க எனக்குக் கை போதவில்லை என்று பார்த்து, அவளாகவே பாப்பாவை வாங்கிக்கொண்டாள். வாங்கியதும் அடுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தன் உடம்பால் என் பிள்ளையை மறைத்துக்கொண்டு நின்றாள். யோசித்துச் செய்யவில்லை. கால் தானாகத் திரும்பியது.

அதற்கு மேல் என்னால் பொய் படிக்க முடியவில்லை. முதலிலிருந்து படித்தேன். என் பெயரையும் படித்தேன்.

"இன்னொரு தடவ படிங்க" என்றாள். படித்தேன். மூன்றாவது முறை, பெயர் வருகிற இடத்தை மட்டும் படிக்கச் சொன்னாள். பிறகு பாப்பாவை என் மடியில் இறக்கிவைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். அவள் மண்ணை வாரி அடித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"பாஞ்சால வரட்டும். தீபாவளிக்கு எங்க வீட்டுல இருக்கட்டும்னு எழுது" என்றாள். "நீ இனிமே எம் புள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுக்காத."

கல்யாணமான நாளிலிருந்து நான் அவளுக்குக் கிராணியம்மா. அன்றைக்கு நீ என்றாள்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் அவர் ஆள் எண்ண நின்றபோது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறார். தங்கம்மா பள்ளிக்கு வரவில்லை. பெரிய வாத்தியார் அவளை வேறு வகுப்பில் போடுவதாக மணியம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் உனக்கு நன்றி சொல்ல மாட்டேன். இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் நானே சொல்லியிருப்பேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சொல்லியிருக்க மாட்டேன். அது உனக்கும் தெரியும்.

தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை நல்லுசாமி அண்ணன் ஈப்போவிலிருந்து காலி லோரியோடு திரும்புகிறார். உன்னை ஏற்றிவரச் சொல்லி மணியம்மா அவரிடம் சொல்லிவிட்டாள். லயத்து முனையில் அவளே வந்து நிற்பாளாம். லோரி மேலே ஏறி வரும்போது இடப்பக்கம் முதல் வீடு எங்களுடையது. கதவு சாத்தியிருக்கும். நிறுத்தச் சொல்லாதே.

இராசம்மா